ஒரே பாயில் மூன்று தலைமுறை: பிடித்த புத்தகங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை

“நல்ல புத்தகம், அவசியம் படியுங்கள்” என்று சொல்லிக் கையில் கொடுக்கப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவை, வாங்கிக்கொண்டவர் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமலே இருந்துவிடுகின்றன. கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுகிறார். வாங்கியவரோ எதிரில் பார்க்கும்போதெல்லாம் “பாதி படித்துவிட்டேன்” என்று சமாளிக்கிறார். அதே புத்தகத்திலிருந்து நமக்குப் பிடித்த இரண்டு பக்கங்களை அவர் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துக் காட்டினால், மூன்றாம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவரே கேட்பார். மன்னார்குடியில் எங்கள் தெருவில் ஆறு ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு மாலை பெரியவர்களும் பதின்வயதினரும் சிறு குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்து புத்தகம் பகிர்ந்துகொள்கிறோம். வாசித்துக் காட்டாமல் எந்தப் புத்தகத்தையும் கைமாற்றுவதில்லை என்ற ஒரே வழக்கத்தைத்தான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒன்றைத் தங்கள் தெருவிலோ குடும்பத்திலோ தொடங்க விரும்புகிறவர்களுக்காக, எங்களுக்குப் பழக்கத்தில் கைவந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு நான்கு வீடுகள் போதும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் பின்வரிசைக்குக் குரல் எட்டாது, படம் தெரியாது. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிட வேண்டும். நாற்காலி வேண்டாம், எல்லோரும் பாயில் உட்கார்ந்தால்தான் நான்கு வயதுக் குழந்தையின் கண்ணும் எழுபது வயதுத் தாத்தாவின் கையிலிருக்கும் பக்கமும் ஒரே உயரத்துக்கு வரும். சுண்டலோ வேர்க்கடலையோ இருந்தால் அதைக் கடைசியில் கொடுங்கள். முதலில் கொடுத்தால் எண்ணெய்க் கை புத்தகத்தில் படும். முதல் இருபது நிமிடங்கள் சிறு குழந்தைகளுக்கு உரியவை. அதற்குப் பிறகு அவர்கள் அங்கேயே விளையாடலாம், படம் வரையலாம், யார் மடியிலாவது தூங்கலாம். எதையும் கவனிக்காதது போல் இருக்கும் குழந்தை மறுநாள் காலையில் பெரியவர்கள் வாசித்த கதையைப் பற்றிக் கேள்வி கேட்கும் என்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

எந்தப் புத்தகத்தைக் கொண்டுவருவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மற்றவர்கள் படித்தால் நல்லது என்று நாம் நினைக்கும் புத்தகம் வேறு, நமக்குப் பிடித்த புத்தகம் வேறு. முதல் வகையைக் கொண்டுவந்தால் குரல் தானாகவே பாடம் நடத்தும் குரலாக மாறிவிடுகிறது. குழந்தைகள் அதை ஒரு நொடியில் கண்டுகொள்கிறார்கள். நான் சொல்லும் அளவுகோல் எளியது: இரண்டாம் முறை நீங்களாக எடுத்துப் படித்த புத்தகம் எதுவோ அதைக் கொண்டுவாருங்கள். அது சமையல் குறிப்பாக இருந்தாலும், பறவைகளைப் பற்றிய கையேடாக இருந்தாலும், ரயில்வே கால அட்டவணையாக இருந்தாலும் சரி. வருவதற்கு முன்னால் வாசிக்கப்போகும் பகுதியை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது இனிமையாக இருந்த நீண்ட வருணனை, வாயால் வாசிக்கும்போது மூச்சு வாங்கவைக்கும். உரையாடல் நிறைந்த பகுதியோ தானாகவே ஓடும்.

சிறு குழந்தைகளுக்கு வாசிப்பவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளக் கூடாது. தோளுக்குப் பக்கத்தில், குழந்தைகளை நோக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைச் சாய்ந்து பார்த்து வாசிக்கப் பழக வேண்டும். பக்கத்தை அவசரமாகத் திருப்ப வேண்டாம். நாம் கதையைப் பின்தொடர்கிறோம். குழந்தை படத்தைப் பின்தொடர்கிறது. ஒரு மாலையில் முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தி, கதை முடிந்த பிறகு பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டே போனாள். ஓவியர் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு காக்கையை வரைந்திருக்கிறார் என்பதும், ஒரே ஒரு பக்கத்தில் அது இல்லை என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அன்று அந்தப் புத்தகத்தை எங்களுக்குப் பகிர்ந்தவள் அவள்தான். ஆகையால் குழந்தைகளையும் கேட்பவர்களாக மட்டும் வைத்திருக்காதீர்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை தனக்குப் பிடித்த படத்தை உயர்த்திக் காட்டட்டும், “இது” என்று சொல்லட்டும். அதுவே போதுமான அறிமுகம். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று யாரும் கேட்கக் கூடாது என்பதை முதல் நாளே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட மாதங்களில் குழந்தைகளின் கூட்டம் குறைந்ததை நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

இந்த வயதுக்கான புத்தகங்கள் தமிழில் குறைவு என்று சொல்கிறவர்கள் தேடிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். நேஷனல் புக் டிரஸ்ட்டின் மெல்லிய படக்கதை நூல்கள் இருக்கின்றன. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள், தமிழ் படிக்கத் தடுமாறும் பெற்றோர்களுக்கும் கைகொடுக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துச் சின்னஞ்சிறு நூல்கள் வெளிவந்திருக்கின்றன. அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள்: அவற்றை வாசிக்காதீர்கள், பாடுங்கள். மூன்றாம் வரியிலேயே பாட்டிமார்கள் சேர்ந்துகொள்வார்கள்.

பதின்வயதினர்தான் நம் பொறுமையைச் சோதிப்பவர்கள். பதின்மூன்று வயதுப் பையனை எழுப்பி நிறுத்தி “நீ படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசு” என்றால், அடுத்த மாதம் அவனுக்கு எப்படியும் ஒரு டியூஷன் வகுப்பு முளைத்துவிடும். அவர்களுக்கு முதலில் வேலை கொடுங்கள்: கூட்டத்தின் நேரத்தைக் கவனிப்பது, இரவல் நோட்டை எழுதுவது, சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவது. குழந்தைகளுக்கு வாசிக்கும் பிள்ளை மூன்று மாதங்களில் தன் புத்தகத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டு வருகிறது. அது எந்தப் புத்தகமாக இருந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கின. இன்றைக்கு ஐம்பதைக் கடந்த மாமாக்கள் பலர் எழுத்தின் ருசியை அறிந்தது இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனின் தயவால்தான். ஒரு பையன் காமிக்ஸ் கொண்டுவந்த மாலையில், அதுவரை வாயே திறக்காத அவனுடைய சித்தப்பா, சிறுவயதில் தன்னிடம் இருந்து தொலைந்துபோன இதழ்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த இரண்டு பேரும் இப்போது சேர்ந்து பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிறார்கள்.

ஆங்கில வழியில் படித்து, தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் காதுதான் வாசல். அவர்களுக்குக் கதை புரியும். எழுத்து மட்டும்தான் இழுக்கும். முதல் அத்தியாயத்தை நாம் வாசித்து முடித்தபின் மீதியைப் படிக்கக் கொடுத்தால், பெயர்களும் இடமும் ஏற்கெனவே பழகியிருப்பதால் வேகம் கூடுகிறது. பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கப்பட்டு க்ரியா வெளியீடாக வந்த ‘குட்டி இளவரசன்’ சிறிய அத்தியாயங்களைக் கொண்டது. இதற்கு மிகவும் ஏற்றது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய சிறு நூல். கேள்வி கேட்கும் ஒரு பள்ளி மாணவியைப் பற்றிய அந்தக் கதை அவளுடைய மரணத்தில் முடிகிறது என்பதால், கொடுப்பவர் தாமே முழுவதும் படித்திருக்க வேண்டும். படித்த பிள்ளையிடம் மறுநாள் பேசவும் வேண்டும். பொதுவாகவே, தான் கடைசிப் பக்கம் வரை படிக்காத எந்தப் புத்தகத்தையும் பெரியவர்கள் இந்த வயதினருக்குக் கொடுக்க வேண்டாம். படிக்கத் தொடங்கிய புத்தகத்தை நடுவில் விட்டுவிடும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள். ஐம்பது பக்கம் போயும் பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் விதி.

பெரியவர்களிடம் உள்ள பழக்கம், கதை முழுவதையும் சொல்லிவிடுவது. ஐந்து நிமிடம் என்று கறாராக வைத்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கத்துக்குப் பதில், அந்தப் புத்தகம் தங்களிடம் எப்படி வந்தது என்பதை அவர்கள் சொல்லட்டும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாரவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படியொரு பழைய தொகுதியை ஒரு பாட்டி கொண்டுவந்தபோது, கதையைவிடப் பக்கத்தின் ஓரங்களில் இருந்த பழைய விளம்பரங்களைப் பார்க்கத்தான் பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர்களில் ஒருத்தி படிக்கவும் தொடங்கினாள்.

குழந்தைகள், பதின்வயதினர், பெரியவர்கள் என்று மூன்று தரப்பினருக்கும் தனித்தனியே புத்தகம் தேடுவதைக் காட்டிலும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரே படைப்பை எல்லோருக்கும் பொதுவாக வைத்துப் பாருங்கள். இந்த மாலைகள்தான் எனக்கு மிகவும் பிரியமானவை. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை நாங்கள் இப்படி வைத்தோம். கரிசல் காட்டு ஏழைக் குடும்பமொன்றில், குழந்தைகள் வீட்டுக் கதவில் ஏறி நின்று அதைப் பேருந்தாக்கி விளையாடுவதில் கதை தொடங்குகிறது. சிறு குழந்தைகளுக்கு அதுவரைதான் வாசித்தோம்; வாசித்து முடிப்பதற்குள் அவர்கள் நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டின் கதவைத் தேடி ஓடிவிட்டார்கள், கதவின் கீல் கத்தும் ஓசை மாடிவரைக்கும் கேட்டது. அவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே மீதியைத் தொடர்ந்தோம்: தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவு கழற்றிக்கொண்டு போகப்படுவது, கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று வருவது, கைக்குழந்தைக்கு நேர்வது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தீர்வை என்றால் என்ன, கதவைக் கழற்ற யாருக்கு அதிகாரம் என்று கேட்டார்கள். பெரியவர்கள் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒருவர், தம் சிறுவயதில் கடனுக்காக வீட்டிலிருந்து அண்டாவை எடுத்துச்சென்ற நாளைச் சொன்னார். அதை அவருடைய மகளே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

இதே முறையில் டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ நூலையும் வைக்கலாம். ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பள்ளி என்பது குழந்தைகளுக்குப் போதும். முதல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமியின் பக்கம் நின்று பதின்வயதினர் பேசுவார்கள். புதிய பள்ளியின் தலைமையாசிரியர் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் இடத்தைப் பெற்றோர்களுக்காக ஒதுக்கி வையுங்கள். எந்தக் கதையானாலும், சிறு குழந்தைகளுக்கு எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்; வாசிக்கும் ஓட்டத்தில் அதை முடிவுசெய்ய முடியாது.

இரவல் கொடுப்பதில் முறை இல்லையென்றால் மனவருத்தத்தில் முடியும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்: புத்தகம், கொடுத்தவர், வாங்கியவர், தேதி. புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டை வைத்து, படித்தவர்கள் ஒரு வரி எழுதிவைக்கும்படி செய்யுங்கள். நான்கைந்து கை மாறிய புத்தகத்தில் அந்தச் சீட்டே படிக்கத் தகுந்ததாகிவிடும். தொலைந்தால் தாங்க முடியாது என்று நீங்கள் நினைக்கும் பிரதியை வாசித்துக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. குழந்தை ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் அந்தக் குழந்தையையே பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டுங்கள். விற்பனையில் இருக்கும் நூல்களின் திருட்டு பிடிஎஃப்களை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதை மட்டும் உறுதியாகத் தடுத்துவிட வேண்டும்; சில நூறு பிரதிகள் அச்சிட்டு விற்கும் தமிழ்ப் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் அது நேரடி இழப்பு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முறைப்படியே படிக்கலாம்.

எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. எங்கள் ஊரை அடுத்த மேலவாசலிலிருந்து 1931-ஆம் ஆண்டிலேயே மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று அவற்றுள் இரண்டு விதிகள் சொல்வதைத்தான் பாயில் உட்கார்ந்து நாம் செய்துபார்க்கிறோம். நாம் செலுத்தும் வீட்டு வரியோடு, பொது நூலகங்களுக்கான நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது. ஆகவே கிளை நூலகம் நமக்கு உரிமையானது. குடும்பத்தில் ஆளுக்கோர் உறுப்பினர் அட்டை எடுங்கள், கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. உங்கள் கூட்டத்தைப் பற்றி நூலகரிடம் சொல்லிவைத்தால், புதிதாக வந்த நூல்களை அவரே எடுத்து வைப்பார். புத்தகக் கண்காட்சிகளில் வழக்கமாகக் கிடைக்கும் பத்து விழுக்காடு தள்ளுபடியைப் பயன்படுத்தி, நான்கு வீடுகள் பணம் போட்டுப் பொதுவில் சில நூல்களை வாங்கிவைப்பதும் நல்லது.

கூட்டம் கலைவதற்கு முன்னால் அடுத்த மாதம் முதலில் வாசிக்கப்போகிறவர் யார் என்பதை அங்கேயே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு தொலைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மாதம் தள்ளிப்போய்விடும். எங்கள் நோட்டில் வரும் மாதத்துக்கு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறான். புத்தகத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் “யானை” என்று மட்டும் இருக்கிறது.