முந்நூறா, முன்னூறா? அறிக்கையில் எண் எழுதும் முறை

எங்கள் நகர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. பொதுக்குழு முடிந்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் பிரதியை என்னிடம் நீட்டினார். ஏழு இடங்களில் சிவப்பு மை. ஏழும் எண்கள்! இந்த வருடம் நான் செய்தது இப்படி.

1. எழுத்தா, இலக்கமா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். நான் பத்து வரை எழுத்தில் எழுதுவேன். அதற்கு மேல் இலக்கம். தேதி, பணம், அளவு, கதவு எண் எப்போதும் இலக்கம்தான். ஒரே வரியில் இரண்டையும் கலக்காதீர்கள்: '8 பெண்கள், 14 ஆண்கள்'. இலக்கத்தில் வாக்கியம் தொடங்கக் கூடாது என்பது ஆங்கில வகுப்பில் படித்தது. '2023 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது' என்று தாராளமாகத் தொடங்கலாம்.

2. நூறுகள். நான் வழுக்கி விழுந்த இடம். 'முன்னூறு குடும்பங்கள்' என்று எழுதியிருந்தேன். "மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு, தம்பி. நீ எழுதியிருப்பது முன்னால் இருக்கிற நூறு" என்றார் ஐயா. ஐந்நூறும் அப்படித்தான், 'ந்நூ'. அதே கையோடு 400ஐ 'நாநூறு' ஆக்கிவிடாதீர்கள். புறநானூறு நினைவிருந்தால் போதும். 700 எழுநூறு, குறில். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம்.

3. ஒற்று. எட்டு, பத்து இரண்டுக்குப் பின் வல்லினம் மிகும்: எட்டுத் தெருக்கள், பத்துக் கடைகள். ஐந்து தெருக்களுக்கு வேண்டாம்.

4. காற்புள்ளி லட்சக் கணக்கில்: ரூ.1,25,000. எக்செல் 125,000 என்று காட்டினால் கணினியின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள்.

5. உருபு. ஒரு பக்கத்தில் '2024ல்', மறுபக்கத்தில் '2024-இல்' என்று இருந்தது என் லட்சணம். இப்போது எங்கும் '2024இல்', '12ஆம்'. எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பிடித்ததைக் கடைசிவரை பிடியுங்கள். இதைத் தேடித் திருத்த எனக்கு வேர்டைவிட லிப்ரேஆபிஸ்தான் வசதி. தேடல் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (வடிவம் சொல்லித் தேடும் வசதி) டிக் செய்து [0-9]ல், அதாவது ஏதாவது ஓர் இலக்கமும் அடுத்து 'ல்'லும், என்று தேடினால் '2024ல்' வகை எல்லாம் சிக்கும்.

பின்சேர்க்கை: எல்லாம் சிக்காதாம். '2020லிருந்து' தப்பிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். [0-9]லி என்று இன்னொரு முறை தேடுங்கள். மேடையில் வாசிப்பவர் வேறு ஆளாக இருந்தால், '21ஆம்' என்பதன் மேல் 'இருபத்தோராம்' என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள். எங்கள் செயலாளர் 'இருபத்தொண்ணாம்' என்றுதான் வாசித்தார்.