பழைய மசில் கார் ஏர் ஃபில்டர்: நம்பர் சரி, வயது சரியா?

ஷெவர்லே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங் போன்ற 1969 மசில் காரை (வலுவான இன்ஜின் கொண்ட அமெரிக்கக் காரை) தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்பிக் கொண்டுவர நினைப்பவர்கள் இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணையும் கார்புரேட்டரில் குத்திய தேதியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஏர் கிளீனர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் காகித வளையத்துக்கு வந்ததும், "ஏசி என்று பிராண்டு பெயர் போட்டிருக்கிறது, நம்பரும் சரி, அப்புறம் என்ன" என்று முடித்துக்கொள்வார்கள்.

ஃபில்டர் அடிக்கடி மாற்றப்படுகிற பொருள் என்பதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள். தூசி ஏறினால் கழற்றிக் குப்பையில் போடுவதற்காகவே செய்தது அது. குறைவாக ஓடிய கார், ஒரே உரிமையாளர் கையில் இருந்த கார் என்றாலும் உள்ளே இருக்கும் ஃபில்டர் காரோடு வந்ததுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டீலரிடம் போன முதல் சில சர்வீஸ்களிலேயே அது மாறியிருக்கலாம். அதனால் இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: இந்த மாடலுக்கு இந்த வகை ஃபில்டர் பொருந்துமா? கையில் இருக்கும் இந்தப் பொருள் எந்தக் காலத்தில் செய்தது? முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஷெவர்லே ரசிகர்கள் மந்திரம் போலச் சொல்லும் ஏ212சிடபிள்யூ என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் திறந்திருக்கும் ஏர் கிளீனர் கொண்ட கமாரோ, ஷெவெல், கார்வெட் கார்களோடு சேர்த்துப் பேசப்படுவது இது. ஆனால் அதே எண்ணில் பல பத்தாண்டுகள் ஃபில்டர் விற்றிருக்கிறார்கள். எண் ஒன்றுதான், அச்சும் ஓரத்து ரப்பரின் நிறமும் உள்ளே உள்ள கம்பி வலையும் பெட்டியும் காலத்துக்குக் காலம் மாறும். எண்ணை வைத்து வகையைச் சொல்லலாம், வருடத்தைச் சொல்ல முடியாது.

வருடத்துக்கு உதவுவது பிராண்டின் பெயர். ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) தீப்பொறி பிளக், ஃபில்டர் பிரிவு ஏசி. பாகங்களை விற்கும் பிரிவு 1960-இலிருந்து யுனைடெட் டெல்கோ. இரண்டும் சேர்ந்து ஏசி-டெல்கோ என்ற பெயர் வந்தது 1974-இல். நடுக்கோடு போய் ஒரே சொல்லானது 1995-இல். ஆக, "முழுக்க ஒரிஜினல்" என்ற 1969 ஷெவெலில் ஏசி-டெல்கோ என்று அச்சிட்ட ஃபில்டர் இருந்தால் அது பிற்பாடு வாங்கிப் போட்டது, அவ்வளவுதான். ஏசி ராச்செஸ்டர் என்று இருந்தால் இன்னும் பின்னால் வரவேண்டும்: அந்தப் பிரிவு உருவானதே 1988-இல்.

ஃபோர்டு பக்கம் இது இன்னும் எளிது. 1961-இல் தீப்பொறி பிளக் பிராண்டான ஆட்டோலைட்டின் பெயரையும் ஒரு தொழிற்சாலையையும் ஃபோர்டு வாங்கியது. போட்டியை ஒடுக்குகிறது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1972-இல் உச்ச நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் ஆட்டோலைட் பெண்டிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபோர்டு தன் பாகங்களை மோட்டார்கிராஃப்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். 1969 மஸ்டாங் வகையான பாஸ் 302-வுக்கு மோட்டார்கிராஃப்ட் பெட்டியைக் காட்டி "அந்தக் காலத்துச் சரக்கு" என்று ஒருவர் சொன்னால், பழசு என்பதை ஒப்புக்கொள்ளலாம். அந்தக் காருக்குச் சமகாலத்தது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஃபோர்டு எண்ணை வாசிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சி8இசட்இசட்-9601 என்று தொடங்கும் எண்ணில் சி என்றால் 1960-கள், 8 என்றால் 1968. மூன்றாவது இடத்து இசட் மஸ்டாங்கைக் குறிக்கும். நான்காவது இசட் சர்வீஸ் பாகம் என்பதற்கு. 9601 என்பது ஃபில்டர் எலிமென்டுக்கான அடிப்படை எண். 9600 என்றால் ஏர் கிளீனர் முழுசும். 1968 என்று பார்த்தவுடன் 1968-இல் செய்த பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். அது எண் கொடுத்த காலம். அதே எண்ணோடு 1971-இலும் பெட்டி வெளியே வந்திருக்கலாம். இன்னொன்று, பெட்டியில் இருப்பது சர்வீஸ் எண், பாகத்தின் மேல் இருப்பது இன்ஜினியரிங் எண் என்று ஃபோர்டில் இரண்டு வேறாக இருப்பது வழக்கம். ஒத்துப்போகவில்லையே என்று நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

பெட்டி பேசும், ஆனால் கவனமாகக் கேட்க வேண்டும். முகவரியில் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தியது. பார்கோடு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை: அமெரிக்கக் கடையில் முதல் முறையாக பார்கோடு ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, ஓஹையோவின் டிராய் நகரில். ஒரு பொருளில் பல தடயங்கள் இருக்கும்போது அவற்றில் கடைசியாக வந்தது எதுவோ அதற்கு முன்னால் அந்தப் பொருளின் தேதியைத் தள்ள முடியாது. மற்ற தடயங்கள் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் சரி.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் நடக்கிறது. காலிப் பெட்டி தனியாகவே விற்பனைக்கு வருகிறது. 1967 பெட்டிக்குள் 1985 ஃபில்டரைப் போட்டு ஒட்டுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். பெட்டியையும் உள்ளே இருப்பதையும் தனித்தனிப் பொருளாகவே தேதி பாருங்கள். லோகோ இருக்கிறதே என்பதும் ஆதாரம் ஆகாது. ஜிஎம் உரிமம் கொடுத்தே மறுதயாரிப்புப் பாகங்கள் வருகின்றன. அவற்றில் பழைய லோகோ சட்டப்படியே இருக்கும். மூடியில் ஒட்டிய "உங்கள் ஜிஎம் காரை முழுக்க ஜிஎம்மாகவே வைத்திருங்கள்" ஸ்டிக்கரும் அப்படித்தான்: மாற்றுவதற்கான ஃபில்டர் எண்ணைச் சொல்லும், ஆனால் ஸ்டிக்கரே புதிதாக அச்சடித்ததாக இருக்கலாம்.

மாடல் வருடத்தையும் காலண்டர் வருடத்தையும் ஒன்றாக நினைப்பது சின்னத் தவறு போலத் தெரியும். 1969 மாடல்கள் 1968 கோடையின் முடிவிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. அடுத்த கமாரோ 1970 பிப்ரவரி வரை தள்ளிப்போனதால், 1969 கமாரோ மட்டும் 1969 நவம்பர் வரை தயாரானது. ஒரே மாடலின் இரண்டு கார்களுக்கு இடையில் ஒரு வருடத்துக்கும் மேல் இடைவெளி இருக்கலாம். காரின் தயாரிப்பு மாதம் தெரியாமல் ஃபில்டரின் வயதைப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கார்வெட் கார்களைப் பழைய நிலைக்கு மீட்பவர்களின் சங்கமான என்சிஆர்எஸ் போன்ற அமைப்புகளின் நடுவர்கள் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வரி: விட்டத்தை மட்டும் அளக்காதீர்கள், உயரத்தையும் அளங்கள். விட்டம் ஒன்றாக இருந்து உயரம் மாறினால், மூடி சரியாக உட்காராது, அல்லது பானெட்டில் இடிக்கும்.

சரி, அசல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு அதைச் சுத்தம் செய்வது. காற்றழுத்தத்தில் ஊதினால் ஐம்பது வருடக் காகிதத்தின் மடிப்பு கிழியும். ஈரத் துணியால் துடைத்தால் ஓரத்து மை போய்விடும். போனது அந்த மைதான் என்றால், கையில் இருந்த ஒரே தடயமும் போனது. மென்மையான பிரஷ் போதும். அழுக்கோடு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

அதைப் போட்டு வண்டியை ஓட்டவும் வேண்டாம். ஓரத்து பிளாஸ்டிசால் (ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக்) வளையம் காலப்போக்கில் கெட்டியாகிச் சுருங்கும். மூடியோடு ஒட்டாமல் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போகும். ஃபோம் வகை என்றால் இன்னும் மோசம்: பழைய பாலியூரித்தேன் நொறுங்கி, துகள் நேராக கார்புரேட்டருக்குள் விழும். காட்சிக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே நல்லது. விற்கும்போது விளம்பரத்தில் "1969 ஒரிஜினல்" என்று எழுதுவதற்குப் பதில், தடயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு எழுதுங்கள்: ஏசி அச்சு, பெட்டியில் ஜிப் கோடு உண்டு, பார்கோடு இல்லை, 1963-க்குப் பிந்தியது, 1974-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். விவரம் தெரிந்து வாங்குபவர் அதற்குத்தான் காசு கொடுப்பார்.