ஓசாப் கட்டத் தொடங்குகிறவர்கள் விடும் பிழைகள்

மார்ச், ஏப்ரல் சனிக்கிழமைகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் இருந்து, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ரக்ஸ் (வருமான வரிப் படிவம்) செய்து கொடுக்கிறேன். வருகிறவர்களில் ஒரு பகுதி ஓய்வூதியக்காரர். மிச்சம் படிப்பு முடிந்து ஒன்றிரண்டு வருடமான பிள்ளைகள். சம்பள விபரம் உள்ள டி4 படிவத்தை நீட்டுவார்கள். பையின் அடியில் ஓசாப் (ஒன்ராறியோவில் படிக்க அரசாங்கம் தரும் மாணவர் கடன்) கடிதம் கசங்கிக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அனேகமாக நான் ஒரு காலத்தில் விட்ட பிழைகளில் ஒன்று அதில் இருக்கும்.

"தவணையை நேரத்துக்குக் கட்டுங்கள், விலாசம் மாறினால் அறிவியுங்கள்" என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

வங்கியில் கடன் எடுத்து ஓசாப்பை அடைப்பது

இந்த முறை ஒரு தம்பி வந்தார். கணக்கியல் படித்தவர், வயது 24. "அக்கா, ஓசாப் முழுக்கக் கட்டி முடிச்சிட்டன்" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. எப்படி என்று கேட்டேன்.

"லைன் ஒஃப் கிரெடிட் எடுத்து ஒரேயடியாக் கட்டினன். அரசாங்கக் கடன் தலையில கிடக்கக் கூடாதெண்டு மாமா சொன்னவர்."

மொத்தம் 22,000 டொலர். வங்கி வட்டி 7 வீதம். பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஒன்ராறியோவில் ஓசாப் கடன் என்பது ஒரே உறைக்குள் இருக்கும் இரண்டு கடன். ஒரு பங்கு மத்திய அரசினுடையது, மற்றது மாகாணத்தினுடையது. தவணை ஒன்றாகப் போவதால் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. தேசிய மாணவர் கடன் சேவை மையத்தின் இணையக் கணக்கைத் திறந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 தொடக்கம் வட்டியே இல்லை, நிரந்தரமாக. ஒன்ராறியோப் பங்குக்கு மட்டும் பிரைம் வட்டிக்கு (வங்கிகளின் அடிப்படை வட்டி) மேல் 1 வீதம் ஓடுகிறது. (பிரிட்டிஷ் கொலம்பியா தன் பங்குக்கு 2019இலேயே வட்டியை நிறுத்திவிட்டது. நாங்கள் ஒன்ராறியோவில் இருக்கிறோம், என்ன செய்ய.)

தம்பியின் 22,000இல் 14,000 மத்திய அரசின் பங்கு. வட்டியே இல்லாத காசு. அதை எடுத்து 7 வீத வட்டிக்குள் போட்டிருக்கிறார். வருடத்துக்கு 980 டொலர். மாமா கேட்டால் கோபித்துக்கொள்வார்.

அவரை ஏசுவதற்கு எனக்கு உரிமை இல்லை. 2016இல் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் கெட்டிக்காரி என்ற நினைப்போடு. அப்போது மத்திய அரசின் பங்குக்கு வட்டி உண்டு: பிரைமுக்கு மேல் 2.5 வீதம். பிரைம் 2.7 வீதமாக இருந்தது. மாகாணப் பங்கையும் கலந்து பார்த்தால் என் கடனுக்குச் சராசரியாக 4.6 வீதம். வங்கியில் இருந்தவர் 4.2க்குத் தருவதாகச் சொன்னார். மிச்சம் இருந்த கடன் 26,000 டொலர். கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருடம் 104 டொலர் மிச்சம், மாதத்துக்கு ஒன்பது டொலர். அன்றைக்கே கையெழுத்து வைத்தேன்.

உறையில் நான் போடாத கணக்கு இது. அரசாங்க மாணவர் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு ரக்ஸில் வரிச் சலுகை உண்டு. வங்கிக் கடனுக்கு மாறியதும் அது போய்விடும். வருடம் 1,196 டொலர் வட்டிக்கு அப்போது மத்திய அரசின் 15 வீதமும் ஒன்ராறியோவின் 5.05 வீதமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 240 டொலர். 104ஐ மிச்சம் பிடிக்க 240ஐ விட்டேன். முதல் நாளே நட்டம்.

அதோடு முடிந்திருந்தால் சரி. 2018இல் ஒப்பந்த வேலை முடிந்து ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். ஓசாப்பாக இருந்திருந்தால், கட்ட முடியாதவர்களுக்கான உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம். வங்கிக்கு அப்படி ஒன்றும் இல்லை. தவணை நாள் வந்தால் காசு வேண்டும், இல்லாவிட்டால் தொலைபேசி அடிக்கும். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக மத்திய அரசு மாணவர் கடன் தவணையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. எனக்கில்லை. 2021 ஏப்ரலில் தற்காலிகமாக வட்டியை நிறுத்தினார்கள், 2023இல் அதை நிரந்தரமாக்கினார்கள். எனக்கில்லை. அதே 2023 ஜூலையில் பிரைம் 7.2 வீதத்தைத் தொட்டது. என் 4.2, 8.7 ஆனது. கூட்டாளிகள் பூச்சிய வட்டியில் கட்டிக்கொண்டிருக்க நான் 8.7இல் கட்டினேன்.

இன்னும் மனதில் உறுத்துவது என் கணக்கல்ல. என்னோடு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவள் தாதி. அந்த ஒன்பது டொலர் கதையை அவளுக்கும் பெருமையாகச் சொன்னேன். அடுத்த கிழமையே அதே வங்கிக்குப் போய் அவளும் மாற்றினாள். இரண்டு வருடம் கழித்து வட ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனாள். அப்படிப்பட்ட ஊர்களில் வேலை செய்யும் தாதிகளுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் மத்திய மாணவர் கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்கிறது. தாதிக்கு அப்போது ஐந்து வருடத்தில் 20,000 வரை, இப்போது 30,000 வரை. வைத்தியருக்கு இப்போது 60,000. அவளும் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாள். மத்திய மாணவர் கடன் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறது. அவளிடம் இருந்தது பூச்சியம், கடன் முழுக்க வங்கியில். "அது உன்ர ஒன்பது டொலர்" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவாள்.

வங்கிக்குப் போன கடனைத் திருப்பி அரசாங்கத்திடம் கொண்டுவர வழி கிடையாது. கையில் உபரிக் காசு இருந்து கடனைக் குறைக்க ஆசையென்றால், சேவை மையத்தோடு கதைத்து வட்டி ஓடும் மாகாணப் பங்குக்கு அந்தக் காசு போகும்படி கேளுங்கள். வட்டியில்லாப் பங்கு தன்பாட்டில் கிடக்கட்டும்.

"எனக்குக் கிடைக்காது" என்று ஆர்.ஏ.பி.க்கு விண்ணப்பிக்காமல் விடுவது

திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டத்தைத்தான் ஆர்.ஏ.பி. என்கிறார்கள். 2022 நவம்பரில் இதன் வருமான எல்லையைக் கூட்டினார்கள். தனியாள் என்றால் வருட வருமானம் 40,000 டொலருக்குள் இருந்தால் தவணையே இல்லை என்று அப்போது ஆக்கினார்கள். முன்பு அது 25,000. குடும்பம் பெரிதானால் எல்லையும் உயரும். எல்லைக்கு மேலே போனாலும் திட்டத்துக்குள் இருக்கிறவர் கட்டும் தொகை குடும்ப வருமானத்தில் 10 வீதத்தைத் தாண்டாது. கலியாணம் கட்டினால் மற்றவரின் வருமானமும் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடையில் பகுதி நேரம் வேலை செய்துகொண்டு முழுத் தவணை கட்டும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கேட்டால், "அது வேலை இல்லாத ஆக்களுக்குத்தானே அக்கா" என்பார்கள். சிலருக்கு வெட்கம். உதவி கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பெயரைக் கெடுப்பது தவணை தவறுவது.

திட்டத்துக்குள் போனவர்கள் விழும் குழி வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை கிடைத்தால் அது தானாக ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏழாவது மாதம் முழுத் தவணையும் வங்கிக் கணக்கிலிருந்து இழுபடும். ஒரு தங்கச்சியின் கணக்கில் அன்றைக்கு இருந்தது 90 டொலர், இழுபட்டது 214. காசோலை திரும்பினமாதிரி வங்கி அதற்குத் தனித் தண்டமும் போட்டது. ஆர்.ஏ.பி. கிடைத்த அன்றே தொலைபேசியில் ஐந்தாம் மாதத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். முடியும் நாளுக்கு வைத்தால் பிந்திவிடும்.

தொடர்ந்து தகுதியோடு இத்திட்டத்தில் இருப்பவருக்குப் படிப்பை விட்டு 15 வருடத்தில் மிச்சக் கடன் தீர்ந்துவிடும், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு 10 வருடத்தில். கடன் நிவாரணம் கடன் நிவாரணம் என்று வெளியே தேடித் திரிகிறவர்களுக்கு இது தெரியாது.

அரசாங்கம் ஒருநாள் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பது

அது அமெரிக்கச் செய்தி. அங்கேயும் 2023இல் உச்ச நீதிமன்றம் மறித்துவிட்டது.

முதல் ஆறு மாதம் ஒன்றும் நடக்காது என்று இருப்பது

தவணைதான் இல்லை. ஒன்ராறியோப் பங்குக்கு வட்டி படிப்பு முடிந்த நாளிலிருந்தே ஓடுகிறது. கட்டாவிட்டால் முதலோடு சேரும்.

கிரெடிட் கார்ட்டில் கடன்பட்டுத் தவணை கட்டுவது

ஏன் என்றே விளங்கவில்லை.

ஒன்பது மாதம் வாய் திறக்காமல் இருப்பது

ஒன்பது மாதம் தவணை விழாவிட்டால் மத்திய அரசின் பங்கு அறவிடுவதற்காக சி.ஆர்.ஏ.க்கு (கனடாவின் வரித் திணைக்களம்) போகும். அதன் பிறகு ஆர்.ஏ.பி. கதவு மூடி. ரக்ஸ் ரீஃபண்ட் உங்கள் கைக்கு வராது, நேரே கடனுக்குப் போகும். 800 டொலர் ரீஃபண்ட் வரும், காருக்கு பிரேக் மாற்றலாம் என்று சந்தோஷமாக எழும்பிப் போன ஒருவர், ஜூனில் தொலைபேசி எடுத்து "அக்கா, நீங்கள் பிழையாச் செய்துபோட்டியள்" என்றார். நான் பிழையாகச் செய்யவில்லை. அவர் கடன் கதையை என்னிடம் சொல்லவில்லை.

வெளியே வர வழி இருக்கிறது. நிலுவையில் நிற்கும் வட்டியைக் கட்ட வேண்டும், அல்லது முதலோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். கூடவே இரண்டு மாதத் தவணைக்குச் சமமான காசு. அதன் பிறகு கடன் சேவை மையத்துக்குத் திரும்பும், ஆர்.ஏ.பி.யும் திறக்கும். எட்டாவது மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் இவ்வளவும் வேண்டாம்.

"கடனைப் பாதியாக்கித் தருகிறோம்" என்ற விளம்பரத்துக்குப் போவது

வங்குரோத்தும் கடன்காரரோடு சட்டப்படி போடும் சமரச ஒப்பந்தமும் உரிமம் பெற்ற திவால் பொறுப்பாளர் மூலமாக மட்டுமே நடக்கும். இடையில் இருக்கும் ஆலோசகர் உங்களிடம் காசை வாங்கிக்கொண்டு கடைசியில் அவரிடம்தான் அனுப்புவார். நேரே போங்கள், முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள்.

விளம்பரத்தில் சொல்லாத இன்னொன்று. மாணவராக இருப்பதை விட்டு 7 வருடம் ஆகாவிட்டால், வங்குரோத்துப் போனாலும் அரசாங்க மாணவர் கடன் அழியாது. மிகவும் கஷ்டப்பட்டவர் 5 வருடத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்த 7 வருடத்தை எந்தப் படிப்பிலிருந்து எண்ணுவது என்று ஒரு வழக்கு நடந்தது. கடைசியாக மாணவராக இருந்த நாளிலிருந்துதான் என்று 2025இல் கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறரை வருடம் கழித்து ஒரு சின்னப் படிப்புக்குத் திரும்பப் போனால், பழைய கடனுக்கும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து.

வட்டியை அப்பாவின் ரக்ஸில் போடுவது

ரக்ஸ் படிவத்தில் மாணவர் கடன் வட்டிக்கான இடம் 31900ஆம் இலக்கம். கடன் பிள்ளையின் பெயரில் இருந்தால் பிள்ளையின் ரக்ஸில்தான் போடலாம், தவணையை அப்பா கட்டியிருந்தாலும். பிள்ளைக்கு அந்த வருடம் வரியே வராவிட்டால் போட்டு வீணாக்க வேண்டாம், அடுத்த ஐந்து வருடத்துக்குள் எப்போதாவது பாவிக்கலாம். சேவை மையத்தின் கணக்கில் வருட வட்டிக்கான சீட்டு இருக்கும், அதை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியின் சீட்டையும் அங்கேயே தொலைபேசியில் எடுத்துப் பார்த்தோம். வங்கிக்கு மாற்ற முதல் கட்டிய மூன்று தவணையில் இருந்த ஒன்ராறியோ வட்டி, 118 டொலர். அதை 31900இல் போட்டேன். "வங்கி வட்டியையும் போடலாமா அக்கா?" என்று கேட்டார்.