கெட்ட செய்தி ஏன் கடைசியாக வந்து சேர்கிறது? குழுத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக வேலை செய்பவரைக் குழுத் தலைவராக்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பழைய வேலையை விட அவருக்கு மனம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. குழுவில் ஒருவர் எழுதிய அறிக்கைகளை, சொல்லித் திருத்த வைக்கப் பொறுமையின்றி, இரவோடு இரவாக நானே மாற்றி எழுதினேன். நான்காவது அறிக்கை அரைகுறையாக வந்தது. கேட்டதற்கு, "எப்படியும் நீங்கள் மாற்றிவிடுவீர்கள் அல்லவா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

இதைவிடப் பெரிய தவறு, கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் எரிந்து விழுவது. வாராந்திரக் கூட்டத்தில் ஒருவர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியாது" என்கிறார். "இதை இப்போதுதான் சொல்வதா?" என்று நீங்கள் சீறுகிறீர்கள். பதில் அவருக்குத்தான், பாடம் கற்பதோ அங்கிருக்கும் அத்தனை பேரும். அடுத்த வாரத்திலிருந்து "எல்லாம் சரியாகப் போகிறது" என்பதே உங்கள் காதில் விழும்.

நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். 1996-இல் வெளியான அந்த ஆய்வில், நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகளை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஆகவே பிரச்சினையே எழாத குழுவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். "எங்கே தடைப்பட்டது? யாருடைய உதவி வேண்டும்?" என்று முதலில் கேளுங்கள். தாமதத்துக்கான விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

தாமதம் தெரிந்ததும் ஆள் சேர்ப்பது இன்னொரு பழக்கம். ஐந்து பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள். பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு, ஏற்கெனவே மூச்சுத் திணறுபவர்களின் தலையில்தான் விழும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று கணினி அறிவியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்தார். ஆளைக் கூட்டுவதற்குமுன் எந்த வேலையைக் கைவிடலாம் என்று பாருங்கள்.

பலர் முன்னிலையில் திட்டாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குறையை வருடாந்திர மதிப்பீட்டுக்காகச் சேர்த்துவைப்பதும் அதே அளவு மோசம். மார்ச் மாதம் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தியதை டிசம்பரில் எடுத்துச் சொன்னால், திருத்திக்கொள்ள அவருக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஒன்பது மாதமாக நீங்கள் கணக்கு வைத்திருந்தது மட்டும்தான் அவர் மனதில் பதியும்.