மீன்கொத்திப் படத்தை இணையத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பறவைப் படத்தைத் திருத்த உட்காரும் புதியவர்கள் முதலில் கை வைப்பது ஷார்ப்பன் (விளிம்புகளைக் கூர்மையாக்கும்) ஸ்லைடரில்தான். உண்மையில் அது கடைசியில் வரவேண்டிய வேலை. பழகுவதற்கு வெண்மார்பு மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை மார்பு, அடர் பழுப்புத் தலை, பளிச்சென்ற நீலச் சிறகு, சிவப்பு அலகு என்று எல்லாச் சிக்கலும் ஒரே பறவையில் கிடைக்கும். மென்பொருள் ஜிம்ப், ரா ஃபைல் (கேமராவின் பதப்படுத்தாத மூலக்கோப்பு) என்றால் கூடவே டார்க்டேபிள். இரண்டும் இலவசம்.

1. படத்தை 100% அளவில் திறந்து கண்ணைப் பாருங்கள். கண்ணுக்குள் ஒளிப்புள்ளி தெளிவாகத் தெரிந்தால் மேலே போகலாம். ஃபோகஸ் கிளையில் விழுந்திருந்தாலோ, அலகின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரிந்தாலோ அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். எந்த ஸ்லைடரும் அதைக் காப்பாற்றாது.

2. டார்க்டேபிளில் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். மார்பின் இறகுக் கோடுகள் தெரியும்வரை எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை) குறைத்து, தலைப்பகுதியின் நிழலை மட்டும் சற்றே வெளிச்சமாக்கினால் கண் பழுப்பில் புதைந்துபோகாது. மார்பு முழுக்க வெளுத்துப் பதிவாகியிருந்தால் விவரம் திரும்பாது. குறைக்கக் குறைக்கச் சாம்பல் திட்டுதான் வரும். நீலம் இன்னும் பளபளக்கட்டும் என்று சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஏற்றினால் நீலச் சேனல் உச்சத்தைத் தொட்டு, இறகின் இழைகள் மறைந்து, சிறகு பிளாஸ்டிக் போலாகிவிடும்.

3. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 1600-க்கு மேல் எடுத்த படமென்றால் நாய்ஸை, அதாவது படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது அவசியம். 'டீநாய்ஸ் (ப்ரொஃபைல்டு)' மாட்யூலை ஆன் செய்தாலே பெரும்பாலும் போதும். அளவு மீறினால் இறகு மெழுகாகும்.

4. கிராப். இன்ஸ்டாகிராமுக்கு 4:5 விகிதம் நல்லது. அலகு நோக்கும் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். வெட்டிய பிறகு அகலம் 1080 பிக்சலுக்குக் கீழே போனால் பறவை மிகத் தொலைவில் இருந்தது என்று பொருள். பெரிதாக்க முயலாமல், வெட்டுவதைக் குறையுங்கள்.

5. இப்போது ஜிம்ப். 'இமேஜ் > கலர் மேனேஜ்மென்ட்' வழியே எஸ்ஆர்ஜிபி-க்கு (இணையத்தில் வழக்கமான நிற வரம்பு) மாற்றுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பிலேயே விட்டால் சில திரைகளில் நிறம் மங்கித் தெரியும். முழு அளவுப் படத்தை எக்ஸ்சிஎஃப் (ஜிம்பின் சொந்த வகை) கோப்பாகச் சேமித்துவிட்டு, 'ஸ்கேல் இமேஜ்' சென்று 1080 × 1350 ஆக்குங்கள்.

6. ஷார்ப்பன் செய்வது இந்த இடத்தில்தான். படத்தைச் சிறிதாக்கும்போது பல பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. அதனால் நுண்விவரம் மழுங்குகிறது. முன்னரே ஷார்ப்பன் செய்திருந்தால் அதில் பெரும்பகுதி இங்கே வீணாகும்.

லேயரை டூப்ளிகேட் செய்து, மேல் லேயரில் 'ஃபில்டர்ஸ் > என்ஹான்ஸ் > ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்)' கொடுங்கள். ரேடியஸ் (கூர்மை விளிம்பிலிருந்து பரவும் தூரம்) 0.6, அமவுண்ட் (கூர்மையின் அளவு) 0.6, த்ரெஷோல்ட் 0 என்று தொடங்கலாம். 100% அளவில் அலகின் விளிம்பைப் பாருங்கள். வெளிர்ப் பின்னணியை ஒட்டி வெள்ளைக்கோடு ஓடினால் ரேடியஸைக் குறையுங்கள். மார்பு இறகு கம்பிக்கம்பியாகத் துருத்தினால் அமவுண்ட் அதிகம். கேமரா தந்த ஜேபெக் என்றால் அமவுண்ட் 0.3 போதும்; கேமராவே ஒருமுறை ஷார்ப்பன் செய்துதான் தந்திருக்கும்.

அடுத்து அந்த லேயருக்குக் கறுப்பு லேயர் மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை உள்ள இடத்தில் காட்டும் திரை) சேர்த்து, மென்மையான வெள்ளைத் தூரிகையால் கண், அலகு, இறகுகள்மீது தீட்டுங்கள். உட்கார்ந்திருக்கும் கிளைக்குத் தூரிகையின் ஒபாசிட்டி (அழுத்தம்) 50% போதும். உடலின் வெளிக்கோட்டுக்குச் சற்று உள்ளேயே நில்லுங்கள். பின்னணியைத் தொடவே வேண்டாம்: அங்கே ஷார்ப்பன் செய்ய விவரம் எதுவும் இல்லை, மிச்சமிருக்கும் நாய்ஸ்தான் மணல்மணலாக எழும்பும்.

7. 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து ஜேபெக், குவாலிட்டி 90. எக்சிஃப், எக்ஸ்எம்பி (படத்தோடு சேர்ந்து சேமிக்கப்படும் கூடுதல் தகவல்கள்) டிக்குகளை எடுத்துவிடுங்கள். கேமராவிலோ போனிலோ ஜிபிஎஸ் ஆன் ஆகியிருந்தால் எடுத்த இடம் அதற்குள் பதிவாகியிருக்கும். கூடு, குஞ்சு, ஆந்தை அடையும் மரம் போன்ற படங்களில் அது ஆபத்து. தலைப்பிலும் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி, இறகுகளைக் குழப்பிவிடும்.