மெல்லிய முடிக்கு ஏற்ற பொமேட்

இழை மெலிந்து அடர்த்தியும் குறைந்த தலைமுடி உள்ள ஆண்கள், முடியைப் படியவைக்கப் பூசும் பசையான பொமேட் வாங்கும்போது, மணத்தையும் டப்பாவின் அழகையும் விட்டுவிட்டு, முதலில் அதில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். பெட்ரோலாட்டம் (வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பு), தேன்மெழுகு ஆகியவை தொடக்கத்திலேயே இருந்தால் அது எண்ணெய் சார்ந்த கனமான வகை. இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இடையில் மண்டைத்தோல் தெரியும்படி செய்துவிடும், ஒருமுறை ஷாம்பு போட்டாலும் எளிதில் போகாது. தண்ணீர் முதலிடத்தில் இருக்கும், பளபளப்புக் குறைந்த வகையே ஏற்றது. கயோலின் அல்லது பென்டோனைட் களிமண் சேர்ந்திருந்தால் அது எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, முடியைச் சற்று அடர்த்தியாகக் காட்டும். ஈரப் பளபளப்பு விளம்பரத்தில்தான் அழகு. பட்டாணியில் பாதி அளவு எடுத்து, உள்ளங்கையில் கட்டியில்லாமல் தேய்த்து, துவட்டி உலர்ந்த முடியில் பின்பக்கத்திலிருந்து பூசத் தொடங்கி, கையில் மிஞ்சியதை மட்டும் நெற்றியோரத்தில் தடவ வேண்டும்.