எல்விஸின் முதல் எல்.பி. இசைத்தட்டை வாங்கப் போகிறீர்களா?

எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தை ஆர்சிஏ விக்டர் என்ற இசை நிறுவனம் 1956 மார்ச்சில் வெளியிட்டது. ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு சேர்க்க ஆரம்பிக்கிற பலரும் முதலில் தேடுவது இதைத்தான். கீறல் பார்ப்பது, உறைக் கிழிசல் பார்ப்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன். இதை வாங்குபவர்கள் வேறு எங்கே தவறுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்டீரியோ என்றால் உசத்தி என்று நம்புவது

அண்மையில் ஒரு தம்பி நல்ல விலை கொடுத்து வாங்கிய பிரதியோடு வந்தார். "ஸ்டீரியோண்ணே, மோனோவைவிட நல்லா இருக்கும்னு விக்கிறவர் சொன்னார்" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. விற்றவர் மேல்தான்.

மோனோ என்றால் ஒரே ஒலித்தடம், ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு. இந்தப் பாடல்கள் அத்தனையும் மோனோவில் பதிவானவை. ஸ்டீரியோ மோகம் வந்த பிறகு, 1962இல், ஆர்சிஏ அதே மோனோ டேப்பை எடுத்து, கீழ்ச்சுருதி ஒலியை ஒரு பக்கமும் மேல்சுருதி ஒலியை மறுபக்கமும் ஒதுக்கி மறுபடி விற்றது. அதில் உண்மையான ஸ்டீரியோ துளியும் கிடையாது. 'புளூ மூன்' கேட்டுப் பாருங்கள். 1954இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்தது. எதிரொலிக்கு நடுவே அந்தக் குரல் தனியாக நிற்பதுதான் பாட்டின் உயிரே. போலி ஸ்டீரியோவில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் சிதறிவிடுகிறது. எப்படி மனசு வந்ததோ!

காசு கொடுக்குமுன் உறையில் எண்ணைப் பாருங்கள். எல்பிஎம்-1254 என்றால் மோனோ. எல்எஸ்பி-1254 என்றால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கொஞ்சம் தேறும், முழுசாகத் திரும்பாது.

கவர் பாடல்தானே என்று தாண்டிப்போவது

வேறொருவர் முதலில் பாடியதை மறுபடி பாடுவதுதான் கவர். 'புளூ ஸ்வேட் ஷூஸ்' கார்ல் பெர்கின்ஸுடையது, 'டுட்டி ஃப்ரூட்டி' லிட்டில் ரிச்சர்டுடையது, 'ஐ காட் எ வுமன்' ரே சார்லஸுடையது. மூலத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 'டுட்டி ஃப்ரூட்டி'யில் லிட்டில் ரிச்சர்டை எல்விஸ் நெருங்கவே இல்லை என்பேன். 'ஐ காட் எ வுமன்' வேறு கதை, அதைத் தன் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார். புதுப் பாடல்களில் 'ஐ அம் கவுண்டிங் ஆன் யூ'வை டான் ராபர்ட்சன் எழுதினார். நல்ல பாட்டு, ஆனால் இந்தக் கவர்களின் வேகம் அதில் இல்லை.

எல்லாம் ஒரே மூச்சில் பதிவானது என்று நினைப்பது

12 பாடல்களில் 5 சன் ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்தவை. மற்ற 7 பாடல்கள் 1956 தொடக்கத்தில் நாஷ்வில்லிலும் நியூயார்க்கிலும் பதிவானவை. ஒலி மாறுவது உங்கள் ஊசியின் கோளாறு அல்ல.

'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' தேடுவது

இதில் இல்லை. அது சிங்கிள் என்கிற சிறு இசைத்தட்டாகத் தனியே வந்தது.